தூத்துக்குடிக்குப் போவோமா?



எங்கள் வகுப்பறைச் சன்னலைத் திறந்தால் சிறுமலை தெரியும். மழைக்காலத்தில் அதன்மேல் மேகம் வந்து படுத்துக் கிடப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். அப்படிப்பட்ட எங்களை ஆண்டுதோறும் இன்பச் சுற்றுலா என்று எங்கே அழைத்துச் செல்கிறார்கள்? கொடைக்கானலுக்கு! மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு மலை. ஏரியில் ஒரு படகுச் சவாரி, தூண்பாறையில் ஒரு புகைப்படம், கையில் ஒரு பொட்டலம் சாக்லேட்டு, இறங்கும் வழியில் பாதிப் பேருக்கு வாந்தி. குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. கொடைக்கானல் அழகான ஊர்தான். ஆனால் நெய்தல் நிலம் பற்றிய பாடம் நடந்த அன்று, கடலை நேரில் பார்க்காதவர்கள் கை தூக்குங்கள் என்று தமிழ் டீச்சர் சொன்னபோது, எங்கள் வகுப்பில் 44 பேரில் 27 கைகள் உயர்ந்தன. நெய்தலின் பறவை, பூ, தொழில் அத்தனையும் மனப்பாடமாகச் சொல்லி முழு மதிப்பெண் வாங்கிய கைகளும் அவற்றில் உண்டு.

அதன் பயனாகவே இரண்டு முறை தூத்துக்குடிக்குப் போய் வந்தோம். முதல் முறை தவறாகப் போனோம். இரண்டாம் முறை சரியாகப் போனோம். கடற்கரை நகரம் ஒன்றுக்குப் போனால் என்ன செய்து மகிழலாம் என்பதில் இப்போது எங்களுக்கென ஒரு கருத்து உண்டு. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

முதல் பயணம் ஒரே நாள். இரவு இரண்டு மணிக்குப் பள்ளி வாசலில் பேருந்து. பயணத்தை ஏற்பாடு செய்தவர் நீண்ட பட்டியல் ஒன்றைக் கையில் வைத்திருந்தார். கோயிலுக்கு 20 நிமிடம், பூங்காவுக்கு 15 நிமிடம், கடற்கரைக்கு 40 நிமிடம், சங்குப் பொருள் விற்கும் கடைக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம்! அந்தக் கணக்கின் இரகசியம் பிறகுதான் விளங்கிற்று. எங்களில் ஒன்பது பேர் அசல் முத்து என்று நம்பி மாலை வாங்கினோம். மதுரை வருவதற்குள் மேல்பூச்சு உரிந்து கழுத்தெல்லாம் வெள்ளைப் பொடி. தீவுக்குப் படகில் கூட்டிப் போவதாகச் சொன்னதும் நடக்கவில்லை. நடக்கவும் முடியாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுகின்றன. அவற்றில் பொதுமக்கள் நினைத்தபடி கால் வைக்க முடியாது. சுண்ணாம்புக்காகப் பவளப் பாறைகளை வெட்டி எடுத்த காலம் ஒன்று இருந்தது. அலையைத் தடுத்த பாறை போனதும் தீவுகள் கரைந்தன. இரண்டு தீவுகள் நீருக்குள்ளேயே போய்விட்டன. இதை முன்பே ஒருவர் எங்களுக்குச் சொல்லியிருந்தால் படகுக்காக வெயிலில் நின்றிருக்க மாட்டோம்.

கடற்கரையில் இறங்கியதும் பெரிய ஏமாற்றம். "என்னடி இது, அலையையே காணோம்!" என்றாள் ஒருத்தி. திரைப்படத்தில் பார்த்த கடல் சீறிப் பாயும். இதுவோ எங்கள் ஊர்க் கண்மாயைப் போலச் சலசலத்துக் கொண்டிருந்தது. காரணத்தை டீச்சர் விளக்கினார். கிழக்கே இலங்கை ஒரு மதில் போல நிற்கிறது. இடையில் தீவுகளும் பவளப் பாறைகளும் இருக்கின்றன. பெரிய அலைகள் அங்கேயே ஓய்ந்துவிடுகின்றன. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகப்பட்டினத்தைச் சிதைத்த அளவுக்குத் தூத்துக்குடியைச் சிதைக்காமல் போனதற்கும் இந்த அமைப்பு உதவியது. இதைக் கேட்ட பிறகு அந்தச் சலசலப்பு எங்களுக்குப் பிடித்துப் போயிற்று. ஆனால் அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

அன்று இரவு பேருந்தில் நாங்கள் பேசிக்கொண்டது ஒன்றே. ஊரைப் பார்த்தோமா, பட்டியலைப் பார்த்தோமா?

அடுத்த ஆண்டு டீச்சரிடமும் சிஸ்டரிடமும் நாங்களே போய் நின்றோம். "இடங்களைக் குறையுங்கள், நேரத்தைக் கூட்டுங்கள், கடைக்காரரை விட்டுவிடுங்கள்" என்று கேட்டோம். பிப்ரவரி மாதம், இரண்டு பகல், ஓர் இரவு, ஒரு கன்னியர் இல்லத்து விடுதியில் தங்கல். நத்தம் வழியாக மதுரை, பிறகு அருப்புக்கோட்டை, எட்டயபுரம். எங்கள் ஊர்ச் செம்மண் போய்க் கரிசல் மண் வந்தது. 1882இல் பாரதியார் பிறந்த வீட்டில் சிறிது நேரம் நின்றோம். மறுபடி ஏறினால், கொஞ்ச தூரத்தில் காற்றே மாறிவிட்டது. உதட்டை நக்கினால் கரித்தது.

கடற்கரை நகரத்தில் காணவேண்டிய முதல் காட்சி எது என்று கேட்டால், நாங்கள் கடல் என்று சொல்லமாட்டோம். உப்பளம் என்போம். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாட்டில்தான் உப்பு மிகுதியாக விளைகிறது. அதில் பெரும்பகுதி தூத்துக்குடி வட்டாரத்தினுடையது. தருவைக்குளம் போகும் சாலையில் காலை 6 மணிக்கு இறங்கினோம். கண்ணுக்கு எட்டிய தூரமும் கண்ணாடித் துண்டுகளைப் பதித்தாற்போலப் பாத்திகள். நம் வயலில் வரப்புக் கட்டி நீர் பாய்ச்சுவது போலத்தான் அங்கும். ஒரு லிட்டர் கடல்நீரில் 35 கிராம் அளவுக்கு உப்புகள் உண்டு. அந்நீரையோ, அதைவிடக் கரிப்பான நிலத்தடி நீரையோ ஒரு பாத்தியிலிருந்து இன்னொரு பாத்திக்கு மாற்றி மாற்றி வெயிலில் காய்ச்சுகிறார்கள். முதலில் சுண்ணாம்புச் சத்து அடியில் படிந்துவிடுகிறது. நீர் போதிய அளவு தடித்ததும் கடைசிப் பாத்தியில் உப்பு பூக்கிறது. பூக்கிறது என்ற சொல் எங்களுடையது அன்று. அளத்தில் வேலை செய்த அக்கா சொன்னது. வேதியியல் பாடத்தில் படிகமாதல் என்று படித்ததை அன்று கையில் அள்ளிப் பார்த்தோம்.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. நீண்ட கம்பில் மாட்டிய பலகையால் உப்பை வாரி வரப்போரம் குவித்துக் கொண்டிருந்தார். தலையில் துண்டு, பாதத்தில் வெடிப்பு. நாங்கள் கூட்டமாக நின்று பார்ப்பது அவருக்குக் கூச்சமாக இருக்குமோ என்று எங்களுக்கே கூச்சமாக இருந்தது. அவரோ பலகையை ஊன்றி நிமிர்ந்து, "ஏ பிள்ளைகளா, எந்தூருல இருந்து வாரிய?" என்றார்.

"திண்டுக்கல் பக்கம் சாணார்பட்டிக்கா."

"அங்க மழ உண்டுமா?"

மழையில்லை என்று நாங்கள் புலம்பத் தொடங்கினோம். கிணறு வற்றியது, ஆழ்துளைக் கிணற்றில் புகை வந்தது, மாமரத்தில் பூ கொட்டியது, மழைக்காகக் கோயில்களில் வேண்டிக்கொண்டது எல்லாம் சொன்னோம். அக்கா சிரித்தார். "நீங்க மழ வரணும்னு கும்பிடுதிய. நாங்க வரக்கூடாதுன்னு கும்பிடுதோம். சாமி யாரு பேச்சக் கேக்கும்?"

எங்களில் ஒருவருக்கும் பதில் வரவில்லை, சிஸ்டருக்கும்தான்! ஒரு மழை பெய்தால் பாத்தியில் இருப்பது கரைந்து தண்ணீராகிவிடும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை அளத்தில் வேலையே இராது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அந்த மாவட்டத்தில் கொட்டிய மழையை நாங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருந்தோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. பெய்ததையும் பொது அறிவுக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தோம். அந்த வெள்ளத்தில் குவித்து வைத்திருந்த உப்பு அம்பாரம் எப்படிப் போயிற்று என்று அக்கா கையை விரித்துக் காட்டிய பிறகுதான் அந்த 95 என்ன என்று தெரிந்தது. அவருடைய மகளும் எங்களைப் போலப் பத்தாம் வகுப்பாம். "அவ இங்க வரமாட்டா. வரவும் விடமாட்டேன்" என்றார். போகும்போது ஆளுக்கு ஒரு கைப்பிடி உப்பைத் தாளில் மடித்துக் கொடுத்தார். காசு நீட்டிய ஒருத்தியின் கையைத் தட்டிவிட்டார்.

இராஜம் கிருஷ்ணன் அம்மையார் 1979இல் வெளியிட்ட 'கரிப்பு மணிகள்' என்ற நாவல் இம்மக்களைப் பற்றியதே. நூலகத்தில் கேட்டுப் படியுங்கள். ஆனால் போய்வந்த பிறகு படியுங்கள் என்பது எங்கள் யோசனை. எங்களில் முன்னால் படித்தவள் சோகத்தை மட்டும் எதிர்பார்த்து வந்தாள்; அக்காவின் கேலியை அவள் எதிர்பார்க்கவில்லை.

வேடிக்கை என்று கேட்டுவிட்டு இது என்ன கதை என்று சிலர் முணுமுணுப்பது கேட்கிறது. வேடிக்கைக்கு அங்கே பஞ்சமில்லை. மாலையில் கடைத்தெருவில் நடந்தபோது, "நைட் கிளப்" என்று கொட்டை எழுத்தில் ஒரு பலகை! எங்களுடன் வந்த சிஸ்டர் அப்படியே நின்றுவிட்டார். சிலுவைக் குறி போட்டார் என்றுகூடச் சிலர் சாதிக்கிறார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் பெரிய தோசைக்கல், மாவு வீசும் மாஸ்டர், ஆவி பறக்கும் சால்னா. அந்த ஊரில் இரவு நேரப் பரோட்டாக் கடைக்கு அப்படித்தான் பெயராம். எண்ணெயில் பொரித்த பரோட்டாவைச் சால்னாவில் ஊறவைத்துச் சாப்பிட்டோம். நைட் கிளப்புக்குப் போய்வந்த முதல் மாணவியர் என்ற பெருமை எங்களைச் சேரட்டும்.

அடுத்தது மக்ரூன். முட்டையின் வெள்ளைக் கருவை நுரைக்க அடித்து, சர்க்கரையும் முந்திரிப் பொடியும் சேர்த்து, கோபுரம் கோபுரமாகத் தாளில் வைத்து மெல்லிய சூட்டில் வேகவிடுவது. வாயில் போட்டால் இருக்காது. காற்றுப் பட்டால் பிசுபிசுத்துவிடும். ஆதலால் காற்றுப் புகாத டப்பா கொண்டுபோங்கள். வீட்டுக்கு வாங்கியதைப் பேருந்திலேயே தீர்த்துவிட்டு, "உடைந்துபோயிற்று" என்று சொன்னவர்கள் பெயரை இங்கே எழுதவில்லை.

முன்அனுமதிக் கடிதத்துடன் பழைய துறைமுகத்துக்குள் போனோம். பெரிய கப்பல்கள் நிற்கும் புதிய துறைமுகம் தனியே இருக்கிறது. 1974இல் அது பெருந்துறைமுகமாயிற்று. கடலுக்குள் ஏறத்தாழ 4 கி.மீ. நீளும் இரண்டு கற்சுவர்களுக்கு நடுவே அமைந்தது. எங்கள் மனம் ஒட்டியது பழையதிடம்தான். 1914இல் தனுஷ்கோடி வழி திறக்கும் வரை கொழும்புக்குப் போகும் இரயில் பயணிகள் கப்பல் ஏறிய ஊர் இது. வ.உ.சிதம்பரனார் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, காலியா, லாவோ என்ற கப்பல்களை ஓட்டியதும் இங்கிருந்துதான். இன்று அங்கே மரத்தோணிகளில் மாலத்தீவுக்குச் சரக்கு ஏறுகிறது. வெங்காய மூட்டைகளைக் கண்டதும், "ஐயோ, இது எங்க ஊரு வெங்காயமா இருக்கும்!" என்று ஒருத்தி குதித்தாள். தோணிக்காரர் அண்ணாச்சி, "இருக்கும் இருக்கும், அங்க போய் நாங்க விசாரிக்கிறோம்" என்றார். அப்பா தோட்டத்தில் கிள்ளிப் போட்ட வெங்காயம் கடல் கடந்து போகிறதோ என்ற நினைப்பே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

திரேஸ்புரத்தில் காலையில் நாட்டுப்படகுகள் மீனோடு வந்து சேர்வதைப் பார்த்தோம். ஏலம் எடுக்கும் பெண்களின் வேகத்துக்கு எங்கள் கணக்கு டீச்சரே ஈடுகொடுக்க முடியாது. விசைப்படகுகள் விடிகாலை கிளம்பி இரவில் திரும்புவன; அவற்றுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். ஆகவே கோடை விடுமுறையில் போனால் கட்டிப்போட்ட படகுகளைத்தான் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமையும் வேண்டாம், அன்று கடலுக்குப் போகாத வழக்கம் பல கடலோர ஊர்களில் உண்டு. முத்துக்குளிப்பைப் பார்க்க ஆசைப்படாதீர்கள். கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. 1973இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் அதே ஊரில் சிப்பிக்குள் முத்து வளர்த்துக் காட்டினார்கள். எங்கள் கழுத்தில் உரிந்தது இவ்விரண்டில் எதுவுமன்று.

பனிமய மாதா ஆலயத்துக்கு இம்முறை ஒரு மணி நேரம் ஒதுக்கினோம். 1713இல் எழுந்த கோயில். 1982இல் பசிலிக்கா ஆயிற்று. ஆகஸ்டு 5 திருவிழா யாவரும் அறிந்தது. தங்கத்தேர் மட்டும் நினைத்தபோது ஓடாது. 2013இல் ஓடியது, பிறகு 2023இல். சுற்றுலாப் பயணியர் தேரை விசாரிக்கிறார்கள். நாங்கள் விசாரித்தது ஓர் அச்சுக்காரரை. அண்டிரிக் அடிகள் என்று நம்மவர் அழைக்கும் அருட்தந்தை என்றிக்கே என்றிக்கசு முத்துக்குளித்துறையில் வாழ்ந்து தமிழ் கற்றவர். தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது அவரால்தான். 1600இல் இறந்தார், தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டார். நீங்கள் கையில் விரித்திருக்கும் இம்மலருக்கும் அவருக்கும் உறவு உண்டு என்று சொன்னால் சிரிப்பீர்களோ?

இப்போது பெற்றோரிடம் ஒரு வார்த்தை.

முதல் பயணத்துக்கு எங்கள் வகுப்பில் 17 பேருக்கு வீட்டில் கையெழுத்துக் கிடைக்கவில்லை. "கடலு இழுத்துட்டுப் போயிரும்த்தா, வேணாம்" என்பதே பெரும்பாலான அப்பாக்களின் சொல். அச்சம் நியாயமானதே. அமைதியான கடலும் கடல்தான்; நாங்கள் முழங்காலுக்கு மேல் இறங்கவில்லை, இறங்க விடவும் இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம். அண்ணனுக்கும் தம்பிக்கும் இடுப்பில் கயிறு கட்டிக் கிணற்றில் தள்ளி நீச்சல் பழக்கிய அதே அப்பா, எங்களைக் கிணற்று மேட்டுக்கே வரவிடுவதில்லையே, ஏன்? தண்ணீருக்கு அஞ்ச வேண்டுமானால் நீந்தத் தெரியாதவள்தானே அஞ்ச வேண்டும்? கையெழுத்தை மறுப்பதற்குப் பதில் இந்தக் கோடையில் எங்களையும் ஒருமுறை கிணற்றில் இறக்குங்கள். கயிற்றை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு செய்தி, இது எங்களையே குற்றம் சாட்டுவது. அம்முறை காய்ச்சல் என்று வராதிருந்த இரண்டு தோழியருக்கும் காய்ச்சல் இல்லை. பணம் இல்லை. நாங்கள் கடற்கரையில் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர்கள் வீட்டில் உட்கார்ந்து கூலிக்குப் பூக்கட்டிக் கொண்டிருந்திருக்கிறார்கள். கேட்டபோது தலை குனிந்தது அவர்கள் அல்லர், நாங்கள். இரண்டாம் பயணத்துக்கு ஜூன் மாதம் முதலே வகுப்பில் ஓர் உண்டியல் வைத்தோம். யார் எவ்வளவு போட்டார்கள் என்று எழுதவில்லை. எழுதக் கூடாது என்று சிஸ்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கடைக்கு ஒதுக்கிய ஒன்றரை மணி நேரமும் அதில் கரைந்த காசும் மிஞ்சியதால் செலவும் எதிர்பார்த்ததற்குள் அடங்கிற்று. அவ்விருவரும் வந்தார்கள். திரேஸ்புரத்தில் ஏலத்தை மிக நன்றாகப் புரிந்துகொண்டவர்களும் அவர்களே; விலை பேசிப் பழகியவர்கள் அல்லவா!

அடுத்த ஆண்டு எங்கே என்று வகுப்பில் வாக்கெடுப்பு நடக்கப் போகிறது. கொடைக்கானல் கட்சி வலுவாகத்தான் இருக்கிறது. நாங்கள் மறுபடியும் தூத்துக்குடிக்கே வாக்களிப்போம். ஊருக்கு வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுவரப் பாடுபட்ட நகரசபைத் தலைவர் குரூஸ் பர்னாந்து பற்றி இன்னும் கேட்டறிய வேண்டியிருக்கிறது. கடலருகே இருந்தும் குடிநீருக்குத் தவித்த ஊரின் கதை, குடத்தோடு குழாயடியில் நிற்கும் எங்களுக்கு அந்நியமன்று. அந்த அக்காவின் மகளையும் பார்க்க வேண்டும்.

இரண்டாம் முறையும் கையெழுத்துக் கிடைக்காத தோழி ஒருத்தி இருந்தாள். எங்கள் பங்கிலிருந்து ஒரு பொட்டலம் உப்பை அவளிடம் கொடுத்தோம். அவள் அப்பத்தா அன்று மோருக்கு அதைத்தான் போட்டாராம். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "எந்தக் கடை உப்பு?" என்று கேட்டிருக்கிறார். கதையெல்லாம் சொல்லியிருக்கிறாள், மழை வேண்டாம் என்று கும்பிடும் அக்காவைப் பற்றியும்தான். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, இங்கிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டாராம். ஏறத்தாழ 200 என்று சொல்லியிருக்கிறாள்.